அம்மா ஏறி நின்ற பெட்டி

ஜனவரி 9

அன்புள்ள சித்தப்பா,

நலம். நீங்கள் கேட்டபடி பட்டறையில் நடப்பதை ஒன்றுவிடாமல், உள்ளது உள்ளபடி எழுதுவேன். அம்மாவுக்காக நீங்கள் கவலைப்படுவது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. நீங்கள் பிரிந்துபோய்ச் சொந்தமாக அட்டைப்பெட்டிப் பட்டறை தொடங்கி ஐந்து மாதம். அம்மாவுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. போன் அடித்தால் அட்டை அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். நேற்று பசை தடவும் அக்காவிடம், "நான் வெளிய போயிருக்கேன்னு சொல்லு" என்றாள். அக்கா போனில், "இருங்க, போயிருக்காங்களான்னு கேட்டுச் சொல்றேன்" என்றுவிட்டாள்!

யாரையாவது பார்க்கப் போனால் பேச வேண்டியதையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்கிறாள். முதல் வரி "வணக்கம்". அதுகூட மறந்துவிடுமாம். இருபதாம் தேதி மருந்து பாட்டில் கம்பெனிக்குப் போக வேண்டும். அந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்கிறாள். இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் அன்புள்ள
புத்தகப்புழு

ஜனவரி 13

புத்தகப்புழுவுக்கு ஆசிகள்.

கடிதம் கண்டேன். எழுதினால் உன்னைப்போல எழுத வேண்டும்! ஆறு புத்தகங்களை என் புதுப் பட்டறைப் பெட்டியிலேயே போட்டு அனுப்பியிருக்கிறேன். அண்ணி பாவம். அவருக்குப் பசை காய்ச்சத் தெரியும், நாலு பேர் முன்னால் நிற்கத் தெரியாது. அதற்கெல்லாம் நெஞ்சில் உரம் வேண்டும். பட்டறையை எனக்கே கொடுத்துவிடும்படி மெதுவாக அவர் காதில் போட்டு வை. நான் சொன்னதாகச் சொல்லாதே.

சித்தப்பா

ஜனவரி 21

சித்தப்பா,

நேற்று மருந்து பாட்டில் கம்பெனியில் அதே ஆர்டருக்காக உங்கள் மாதிரிப் பெட்டியோடு நீங்களும் இருந்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். நாளைக்கு நீங்கள் இதை வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது.

அம்மா வாயைத் திறக்கும் முன்பே நீங்கள், "என்ன அண்ணி, 'வணக்கம்' சீட்டு கொண்டாந்தீங்களா, மறந்துட்டீங்களா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னை அம்மா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் மண்ணுக்குள் புதைந்திருக்கலாம்.

அம்மா சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டாள். செருப்பைக் கழற்றினாள். எங்கள் பெட்டியைத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நின்றாள். புது வாடிக்கையாளர் முன்னால் அப்பா எப்போதும் செய்வது அது. அம்மா செய்து நான் பார்த்ததில்லை. அவள் கால்கள் நடுங்கின. பெட்டி நடுங்கவில்லை.

"தம்பி, இப்ப உங்க பெட்டி மேல நீங்க ஏறுங்க."

"இதென்ன சர்க்கஸா அண்ணி?"

"ஒரு நிமிஷம்தானே, ஏறுங்களேன்" என்றார் கொள்முதல் அதிகாரி.

ஏறினீர்கள். ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போனது.

"பாத்து இறங்குங்க தம்பி. இன்னொரு கால் வெளியதான் இருக்கு" என்றாள் அம்மா.

பிறகு சீட்டே இல்லாமல் பேசினாள். "அட்டைக்குள்ள அலை அலையா மடிச்ச தாள் இருக்கே, அந்த அலை நின்னவாக்குல வரணும் சார். இவர் படுக்கப் போட்டு வெட்டியிருக்காரு. அப்படி வெட்டினா ஒரு அட்டைக்கு ஒரு பெட்டி கூடுதலாக் கிடைக்கும். உங்க பாட்டில்தான் உடையும்." ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். நீங்கள் புத்தகம் அனுப்பிய பெட்டியின் விளிம்பை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் துணிச்சல் வரும் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பழிவாங்குவது தவறு என்று நீங்கள் அனுப்பிய ஆறில் இரண்டு புத்தகங்கள் சொல்கின்றன. எனக்கு இனித்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

அண்ணன் மகள்

பிப்ரவரி 2

என் செல்லமே,

கோபப்படாதே, விளையாட்டாகச் சொன்னது. இன்னும் இரண்டு கம்பெனிகள் ஆர்டரை நிறுத்திவிட்டன. ஊரே என் முழங்காலைச் சொல்லிச் சிரிக்கிறது. பழையபடி உங்களோடே சேர்ந்துகொள்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை வருகிறேன். எனக்காக அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசு.

சித்தப்பா

பிப்ரவரி 6, வெள்ளி

சித்தப்பா,

ஒரு வார்த்தை பேசச் சொன்னீர்கள். உங்கள் வார்த்தைகளையே பேசினேன். ஜனவரி 13ஆம் தேதிக் கடிதத்தைப் பட்டறையில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தேன். "நெஞ்சில் உரம்" என்ற இடத்தை அக்கா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் உங்களுக்கு எழுதியதையும் ஒப்புக்கொண்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இனிமே என்கிட்ட காட்டிட்டு எழுது" என்றாள். இதையும் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவேன்.

இன்று ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நீங்கள் எதிர்ச்சாரியில் வந்து நின்றது ஜன்னல் வழியே தெரிந்தது.

"உள்ள வரச் சொல்லட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா ஜன்னலருகே போய் நின்றாள். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். அவள் உங்களையே பார்த்தாள். நீங்கள்தான் முதலில் தலை குனிந்தீர்கள்.

"மணி ஆறாச்சு. எல்லாரும் கிளம்புங்க" என்றாள்.

வெட்டும் மெஷின் மேல் இருந்த விளக்கு, பசை மேஜை விளக்கு, கடைசியாக ஜன்னலோர விளக்கு. அம்மாவே ஒவ்வொன்றாக அணைத்தாள்.