புகைச்சிறகும் அப்பாவின் தோளும்

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் வலது கை மட்டும் எங்களோடு சேராமல் தனியாக ஆடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பயப்படாதே, அப்பா அளவுகோல் வைத்துக் கோடு போட்டுத்தான் கொடுத்தார், அதையும் தாண்டிக் குதிக்கிறது.

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வானிலை பார்க்கிற கப்பலில் ஒரு வருஷம் போக உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பெண் நீ, அந்த வீக்கத்துக்கு ஐஸ் வைத்தவள் நான். இப்போது அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, அதனால் கப்பல் வேண்டாம், வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்கிறாய். போனில் பதில் சொன்னால் நீ நடுவில் அழ ஆரம்பிப்பாய், நானும் அழுவேன், பேச்சு அதோடு நின்றுவிடும், அதனால்தான் கடிதம். கடைசிவரை படி, பாதியில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடாதே.

டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும், இது ஆளைக் கொல்லாது, ஆளை விட்டுப் போகவும் போகாது. கேட்டதும் எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் காலமெல்லாம் நின்றவள் நான், மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க, அசையாதீங்க, மூச்ச விடலாம் என்று ஊரையே மிரட்டியவள், அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். எனக்கு என் கையே அடங்கவில்லை என்றால் எப்படி இருக்கும். நான் மூலையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த அப்பா, நீ அலமாரியில் விட்டுப்போன கேமராவை எடுத்து என் மடியில் வைத்தார், அடுத்த நாளே பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற சதுப்புக்குக் கூட்டிப்போய்விட்டார்.

காலையில் அங்கே போய் நின்றால் பேசவே தோன்றாது. பனி தண்ணீர்மேல் படுத்திருக்கும். நாணல் நுனிகளில் தட்டான்கள், அங்கே வருகிறவர்கள் தும்பி என்கிறார்கள், ஈரம் காயும்வரை பறக்க முடியாமல் தூங்கிக்கொண்டிருக்கும், இறக்கை முழுக்க நீர்த்துளி. பின்னாலிருந்து வெயில் வரும்போது நரம்பெல்லாம் தெரியும், எனக்கு அது விளக்குப் பெட்டியில் மாட்டிய எக்ஸ்ரே படம் மாதிரிதான், முறிவு ஒன்றும் இல்லை, நல்லா இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். பிறகு ஒவ்வொன்றாகச் சிலிர்த்துக்கொண்டு கிளம்பும், தண்ணீர்மேல் அவற்றின் நிழலும் கூடவே போகும், எது தும்பி எது நிழல் என்று பார்த்துக்கொண்டே நின்றால் காலில் சேறு ஏறுவதுகூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் இறக்கைகள்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பல் டாக்டரம்மா வருவார், கைக்குழந்தை நீளத்துக்கு லென்ஸ், தும்பியைப் பார்த்து இப்படித் திரும்பும்மா, வலிக்காது என்று கெஞ்சுவார். புகைச்சிறகு என்கிற அபூர்வத் தும்பியைப் பற்றி அவர்தான் சொன்னார். அதற்குப் படிப்பாளிகள் வைத்த பெயர் வாயில் நுழையாது, இறக்கையின் பாதி புகை படிந்த கண்ணாடி மாதிரி இருப்பதால் நாங்கள் வைத்தது இது. பல வருஷமாக இந்தச் சதுப்பில் யாரும் அதைப் படம் எடுக்கவில்லையாம். பக்கவாட்டில் எடுத்து வால் நுனி தெளிவாக விழுந்தால்தான் அதுவே என்று ஒத்துக்கொள்வார்களாம். அன்றைக்கே எனக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அந்த வால் நுனியை அசையாமல் எடுத்துவிட்டால், என் மகளை வராதே என்று சொல்லுகிற தைரியம் எனக்கு வந்துவிடும்.

மூன்றுகால் ஸ்டாண்டு சேற்றில் இறங்கிக்கொண்டே போகிறது, உபயோகமில்லை. அப்பாதான் என் தோள்மேல வெச்சுக்கோ, நான் நின்னுக்கறேன் என்றார். வரிசையில் ஒரு நிமிஷம் நிற்க மாட்டாத மனிதர். நின்றார், ஆனால் மூச்சு விட்டால் தோள் ஏறி இறங்குகிறதே. முதல் தடவை புகைச்சிறகு வந்து முறிந்த நாணலில் உட்கார்ந்ததும் என் பழைய குரல் தானாக வந்துவிட்டது, மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க என்றேன். அவரும் பிடித்தார். நான் தும்பியைப் பார்த்த மயக்கத்தில் விடச் சொல்ல மறந்துபோனேன். பாவம், முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய், ஒரே இருமலாக வெடித்துத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார், அது பறந்துவிட்டது. மூச்சு விடறதுக்குக்கூட நான் சொல்லணுமா என்று கத்தினேன். நீ சொல்லாம எப்படி விடறது என்றார் சேற்றிலிருந்து. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது, கை இன்னும் அதிகமாக ஆடியது.

தனக்குப் பிடித்த குச்சிக்கே தும்பி சுற்றிவிட்டுத் திரும்பி வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை நம்பி அதே நாணலுக்கு எதிரில் பல காலைகள் நின்றோம், அப்பா நின்றபடியே குட்டித் தூக்கம் போடக்கூடக் கற்றுக்கொண்டார். முந்தாநாள் வந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து வாலை லேசாகத் தூக்கியது. என் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது, கேமராவை அவர் தோளில் அழுத்தி மெதுவாகச் சொன்னேன், அவர் பிடித்துக்கொண்டார். அந்தச் சூடான தோளின் அமைதி அப்படியே என் விரலுக்குள் வந்த மாதிரி இருந்தது. எடுத்தேன். இந்தத் தடவை மறக்காமல் மூச்ச விடலாம் என்றேன், அவர் அவ்வளவு மெதுவாக விட்டார், தும்பி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தது. டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கி, வால் நுனியை இரண்டு தடவை பார்த்துவிட்டு, அதுதான் என்றார். ஓரத்தில் மங்கலாக அப்பாவின் காது விழுந்திருக்கிறது, வெட்டிவிடலாம் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கு ஒரு பிரதி வைத்திருக்கிறேன், காதோடு.

கை சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். தேநீர் சிந்துகிறது, பொத்தானை அப்பாதான் போட்டுவிடுகிறார், அதையும் ஒன்று மாற்றி ஒன்று போடுகிறார். உன்மேல் ஆசை இல்லாமல் வராதே என்கிறேன் என்றும் நினைக்காதே, உன் அறை ஜன்னலைத் தினமும் திறந்து வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறேன். ஆனால் எனக்காக நீ கரையில் நின்றுவிட்டால் அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நீ போ.

கப்பலில் வெறும் வயிற்றோடு இருக்காதே, தலை சுற்றும். காலுறை நிறைய எடுத்துக்கொள். கடலைத் தாண்டிப் போகிற தும்பி ஒன்று இருக்கிறதாம், நடுக்கடலில் கப்பல் கயிற்றில் வந்து உட்காருமாம். பார்த்தால் அம்மாவுக்கு ஒரு படம், பக்கவாட்டில், வால் நுனி தெரிகிற மாதிரி. கப்பல் ஆடும், யாருடையதாவது நல்ல தோளாகப் பார்த்துப் பிடித்துக்கொள். இதைப் படித்துவிட்டு அப்பா முறைக்கிறார்.

காற்றும் தண்ணீரும் உனக்குத் துணையாக இருக்கட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உண்டு. சம்மதம் என்று அவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவிடு, தள்ளிப்போடாதே. டாக்டர் சொன்ன நாளிலிருந்து நீ போனில் பேசும்போதெல்லாம் எனக்குக் கேட்கிறது, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே பேசுகிறாய். படம் எடுத்தாகிவிட்டது கண்ணு. மூச்ச விடலாம்.

உன் அம்மா