நாற்பத்தேழாம் எண்ணில் ஒரு புள்ளி

வானாய்வுக்கூடம்,
பிப்ரவரி 17

சிவப்பு மைக்காரிக்கு,

மூன்று நாள் லீவு முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஜீப்பில் இடுப்பு கழன்றுவிட்டது. அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கம்பளிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

விஷயம் உன் காதுக்கும் வந்திருக்கும். நாம் படமெடுத்துப் பார்த்துவரும் பட்டியலின் நாற்பத்தேழாம் எண் விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. சூப்பர்நோவா! பதின்மூன்றாம் தேதி வேறொரு கூடத்துக்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். இவ்வளவு பக்கத்து மண்டலத்தில் இப்படி ஒன்று ஆயுளுக்கு ஒரு தடவை வாய்த்தால் பெரிசு. ஆனால் எட்டாம் தேதியே நான் அதைப் படமெடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். பழைய படத்தோடு ஒப்பிட்டு நீ அனுப்பிய தாளை இன்று எடுத்துப் பார்த்தேன். 47-க்கு நேராக உன் சிவப்பு மையில் "கேமராக் கோளாறு, மறுபடம் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறாய்.

பதினோரு வருஷத்தில் ஒரு புள்ளி சந்தேகமாக இருந்தால் நீ போன் பண்ணி மறுபடம் கேட்காமல் விட்டதே கிடையாது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாயே, அதுதானே? கேமராவை நான்தான் ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். கத்தினார். கத்தட்டும்.

உன்,
மலைவாசி

வீடு,
பிப்ரவரி 23

மலைவாசி அவர்களுக்கு,

நீங்கள் "பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று சொன்ன குழாய் இன்னும் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

இரண்டு நாளாகப் பொய்ப் பதில் எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. கேமராவில் பழுது என்றால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி விழும். இது 47-இல் மட்டும் இருந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. போனைக் கையில்கூட எடுத்தேன்.

மறுநாள் காலை நீங்கள் லீவில் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியது. மறுபடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கிளம்ப மாட்டீர்கள். ஏழு மாதத்தில் மூன்று தடவை ஏதோ ஒரு புள்ளிக்காக லீவை ரத்து செய்தீர்கள், ஒரு தடவை அது வெறும் குறுங்கோள்! "இது மட்டும் முடியட்டும், வந்துடறேன்." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போனை வைத்துவிட்டு அந்த வரியை எழுதினேன். தெரிந்தேதான்.

வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் சோபாவில் சாய்ந்ததைப் பார்த்ததும் எழுப்ப மனசு வரவில்லை.

சிவப்பு மைக்காரி

வானாய்வுக்கூடம்,
மார்ச் 3

உனக்கு,

மூன்று தடவை படித்தேன்.

நூற்றிருபது மண்டலங்களை ஒன்று விடாமல், விரல் மரத்துப்போக, பதினோரு வருஷம் எடுத்தவன் நான். ஒரே ஒரு தடவை கிடைத்தது. அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாய். எப்படி முடிந்தது உன்னால்?

அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் சொல்லு? தூங்கினேன். வாயைத் திறந்துபோட்டுத் தூங்கினேன். அதுக்காகவா?

இனிமேல் என் படங்களை வேறு யாராவது பார்க்கட்டும். கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

வீடு,
மார்ச் 9

மலைவாசி அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றுதான், அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இயக்குநர் இங்கே ஊர் அலுவலகத்துக்கு வந்திருந்தார், போய்ப் பார்த்தேன். கேமராவில் ஒன்றுமில்லை, பார்த்ததும் நான், மறைத்ததும் நான் என்று சொன்னேன். அவர் கத்தக்கூட இல்லை. "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றார். கல்யாணமே ஆகாத மனுஷனிடம் என்ன சொல்வது? பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நாளையிலிருந்து எனக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் பேரில் இருந்த பழி நீங்கிவிட்டது.

கேட்டீர்களே, அதற்குப் பதில்: ஆமாம், அதுக்காகத்தான். ஏழு மாதமாக இந்த வீட்டில் குழாய் சொட்டுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் உங்கள் குறட்டையில் அது கேட்கவே இல்லை. குறட்டை காதில் விழட்டும் என்று சமையலறைக் கதவைச் சாத்தாமல் வேலை பார்த்தேன்.

செய்தது தப்பு. ஆனால் அதே நாள் திரும்பி வந்தால் என்ன எழுதுவேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் மன்னிப்பு என்று எழுதக் கை வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

நான்

வானாய்வுக்கூடம்,
மார்ச் 30

சிவப்பு மைக்காரிக்கு,

அது மங்கிக்கொண்டே வருகிறது. தினமும் அளக்கிறேன். கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் என் பேர் வராது, அளந்தவர்கள் பட்டியலில் எங்கேயாவது கடைசியில் வரும். இன்னும் சில மாதம் போனால் நம் தொலைநோக்கியில் அந்த இடம் பழையபடி வெறுமையாகிவிடும்.

கோபம் போகவில்லை. அதையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

ஒன்பது நாள் லீவு. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, ஒரு மேகம் கிடையாது. இப்படிப்பட்ட வாரத்தில் நான் லீவு கேட்டதே இல்லை. இயக்குநர் விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணிடம், "மறுபடம் வேணும்னா வேற யாரையாவது கூப்பிடும்மா, நான் கிளம்பிட்டேன்" என்று சொல்லியாகிவிட்டது.

குழாய்க்கு வாஷர் வாங்கி வை. வந்ததும் மாட்டிவிடுகிறேன். தூங்க மாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

உன்,
மலைவாசி