சொல்லிக்கொண்டு போகிறவர்கள்

மாதுங்கா, பம்பாய்
6 டிசம்பர் 1943

பாஸ்ராவில் இருக்கும் சிரஞ்சீவி ஜகந்நாதனுக்கு அக்கா நாகலக்ஷ்மி ஆசீர்வதித்து எழுதுவது. க்ஷேமம் என்று எழுதப் பேனா நகரவில்லை. எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், இப்போதைக்கு அது போதும்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அபயாம்பாளை மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிடச் சொல்கிறாய். வண்டி மாறி, பாலக்காட்டுப் பக்கம் ஒலவக்கோட்டில் இறங்கினால் உன் மாமனார் வந்து அழைத்துக்கொள்வார், வீட்டைக் காலி செய்துவிடலாம் என்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, நான் டிக்கெட் வாங்கப் போவதில்லை. உனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, அதனால் காரணத்தை முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

டைபாய்டு உன் பெண்ணைக் கொண்டுபோன பிறகு அபயம் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொண்டுபோனால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிடுவாள். பதிமூன்று நாளும் மாதுங்காவே வந்து போயிற்று. அதன் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவரவர்க்கு ரேஷன் க்யூ இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் என் கோமுவும், தாராவியில் தோல் மண்டி வைத்திருக்கும் கரீம் பாட்சாவின் பெண் சைனப்பும் பள்ளிக்கூடம் விட்டு நேரே உன் வீட்டுக்கு வந்தார்கள். உன் பெண்ணோடு சேர்த்து மூவரும் ஒரே பெஞ்சு, உனக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து, "போயிட்டு வரோம் மாமி" என்றதுகள்.

எனக்குப் பகீரென்றது. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும் என்பது பம்பாயில் பிறந்ததுகளுக்குத் தெரிந்தால்தானே! கோமுவின் கையில் நறுக்கென்று கிள்ளினேன். அபயம் எழுந்து உட்கார்ந்தாள்.

"அவளைக் கிள்ளாதேங்கோ அக்கா. வந்தவா எல்லாரும் சொல்லாமத்தான் போனா. என் பொண்ணும் சொல்லாமத்தான் போனா. இதுகளாவது சொல்லிண்டு போகட்டும்."

சொன்னபடி மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். ஒருநாள் சைனப் சீப்பையும் ரிப்பனையும் அபயத்தின் மடியில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் மூன்று தலைக்கும் வரிசையாகப் பின்னிவிடுவது உன் பெண்டாட்டியின் வழக்கம் அல்லவா. சைனப்புக்குப் பின்னினாள், கோமுவுக்குப் பின்னினாள். பிறகு சீப்பைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சைனப் என்ன செய்தாள் தெரியுமா? தன் பின்னலைச் சரசரவென்று அவிழ்த்தாள்.

"மாமி, எனக்குக் கோணலாயிட்டு. திரும்பப் பின்னி விடுங்க" என்று மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

பின்னல் நூல் பிடித்தாற்போல் நேராகத்தான் இருந்தது. எத்தனையோ துக்கத்துக்குப் போயிருக்கிறேன் ஜகு, எனக்கு இந்தச் சமர்த்து வந்ததில்லை. மடி, ஆசாரம் என்று நான் மூக்கைச் சுளிப்பதைக் கேலி செய்வாயே, இப்போது சைனப் வர நேரமானால் நான்தான் தெருமுனை வரை போய்ப் பார்க்கிறேன்.

அவர்களுக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துவிடாதே. ஒருநாள் மாடிப்படித் திருப்பத்தில் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். பிறகு குழாயில் முகம் கழுவி, கண் சிவப்பு போயிற்றா என்று ஒருத்திக்கொருத்தி பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறினார்கள். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது அபயம் அவர்களுக்காக அடை வார்க்கிறாள், தானும் ஒன்று சாப்பிடுகிறாள். ஊருக்குப் போகிறாயா என்று கேட்டேன். மார்ச்சில் குழந்தைகளுக்கு மெட்ரிகுலேஷன், அதற்கு முன்னால் எப்படிப் போவது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். இவளையா ரயிலேற்றச் சொல்கிறாய்?

இனி உன் விஷயம். நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு, வழித்துணை, வீட்டுக்காரருக்கு நோட்டீஸ், எல்லாம் இருக்கிறது. ஷ்யாமளா என்ற பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அபயம் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் ஏதோ தாண்டிப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

பட்டாளக் கூடாரத்தில் நாலு பேருக்கு நடுவில் உனக்கு அழ இடம் இருக்காது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது. குழந்தையின் பெயரைச் சொல்லி எழுது அப்பா. ஈசுவரன் உன்னைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா
நாகலக்ஷ்மி