ஜன்னல் வழியே நீ ஊதிய செனான்

இன்று மளிகைக் கடையில் உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்தவள், 'அயோடின் கலந்தது' என்ற எழுத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். "ஏனுங்க டீச்சர், உப்புல என்னத்தைங்க அத்தன நேரம் படிக்கறீங்க?" என்றார் கடைக்காரர். அவரிடம் என்னத்தைச் சொல்வது? உன் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் உடுமலைப்பேட்டையில் ஒரே பள்ளியில் இருந்தோம். நீ வேதியியல், நான் தமிழ். உன் கழுத்தில் வந்த கட்டியைத் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லி அறுத்தெடுத்திருந்தார்கள். மிச்சம் ஒட்டியிருந்தால் சுட்டழிக்க, கதிர்வீசும் அயோடினைக் குடிக்கத் தருவதாக இருந்தது. அதற்கு முன் சில வாரம் சாப்பாட்டில் அயோடின் சேரவே கூடாது. பொட்டல உப்பு, பால், முட்டை, மீன் எல்லாமே விலக்கு. அயோடின் இல்லாமல் பட்டினி போட்டால்தான் மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் மருந்தை ஆவலாக வாங்கும். இல்லாவிட்டால் மருந்து வீண், நோய் மிச்சம். உனக்கோ இரண்டும் சின்னப் பிள்ளைகள்.

அந்த நேரம் பார்த்தா உன் நாத்தனார் மகளுக்குப் பூப்பு நீராட்டுச் சீர் வரவேண்டும்! நம் பக்கம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்தால் சண்டை போட்ட மாதிரிதான். வெறும் இலைக்கு முன்னால் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நாத்தனாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏனுங்க அண்ணி, எங்கூட்டுச் சோறு ஆகாதுங்களா? ஒரு வாய் ரசமாச்சும் உடறேன், சாப்புடுங்க."

கரண்டி இலைக்கு மேலேயே வந்துவிட்டது. பக்கத்து இலையில் இருந்த எனக்கு வந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன். நீ சிரித்துக்கொண்டே இலையைக் கையால் மறைத்தாய்.

"கோவிச்சுக்காதே அம்மணி. அணுவுக்கு நடுவுல புரோட்டான்னு இருக்குது. அது அம்பத்துமூணு இருந்தா அயோடின். ஒண்ணு கொறஞ்சாலும் கூடுனாலும் ஆளே வேற. கூடவே நியூட்ரான்னு இருக்குது. நாங் குடிக்கப்போற மருந்துல, உப்புல இருக்கறதைவிட அது நாலு சாஸ்தி. ஆனாலும் பேரு அயோடின்தான். உடம்பு, வெளிய சுத்தற எலக்ட்ரானை வெச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். மடியில நாலு கூட இருக்கறது அதுக்குத் தெரியாது. வாங்கன்னு உள்ள கூட்டிக்கும்."

"அப்ப ஏமாத்திப் போடறதுங்களா?"

"ஆமா. பசியில கெடந்தாத்தான் ஏமாறும். இந்த ரசத்து உப்புலயும் அயோடின் இருக்குதல்ல."

பந்தியே வாயைப் பிளந்து கேட்டது. நாத்தனார் கரண்டியோடு உள்ளே போய்விட்டார். கோபம் தீரவில்லை என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் சீவிய இளநீர். "இதுல ஆரும் உப்புப் போடலீங்க அண்ணி" என்று நீட்டினார். பாவி மனுஷி, என்னை அழவைத்துவிட்டார்.

மருந்து குடித்து வீடு வந்தபின் சில நாள் யாரும் உன்னை நெருங்கக் கூடாது. பிள்ளைகளை நாத்தனார் கூட்டிப்போய்விட்டார். நீ பின்கட்டு அறையில், நான் எட்டத்தில் தென்னைமரத்தடியில். "ஏ புள்ள, உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது?" என்று கத்தினேன்.

"ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறுது புள்ள. அப்பத் தெறிக்கறதுதான் நோயைச் சுடுது. அம்பத்துநாலு ஆயிருச்சுன்னா அது அயோடினே இல்ல. செனான்னு ஒரு வாயு. ஆரோடயும் ஒட்டாது, மூச்சுல கெளம்பிப் போயிரும்."

சொல்லிவிட்டு ஜன்னல் கம்பிக்கு நடுவே 'பூ' என்று ஊதினாய். "போகுது பாரு!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுப்பில்லை, சத்தமில்லை, ஒன்றே ஒன்று கூடியதில் ஒரு தனிமம் இன்னொன்றாகி உன் மூச்சில் வெளியே வருகிறது. கோயிலில்கூட நான் அப்படிக் கைகூப்பி நின்றதில்லை.

"அப்பறம் அது என்னாகும்?" என்றேன்.

"ஒண்ணும் ஆகாது. அப்படியே இருக்கும்."

மருந்து பிடித்தது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்த்தாய், பேரன் பேத்தி எடுத்தாய். போன மாதம், நோயும் இல்லாமல் நொடியும் இல்லாமல், தூக்கத்திலேயே போய்விட்டாய். சொல்லாமல் கொள்ளாமல் போனதில் உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

உப்பை வாங்கிக்கொண்டு நேராக உன் வீட்டுப் பின்பக்கம் போனேன். தென்னை இருக்கிறது, ஜன்னலும் இருக்கிறது. எட்டி நில்லு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. 'அப்படியே இருக்கும்' என்றாயே. கம்பியில் முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன்.