பச்சை விளக்கு எரியவில்லை

நாள் 198, 14:20
கலிஸ்டோ ஆய்வு நிலையம், மருத்துவப் பிரிவு. பதிவு செய்பவர்: டாக்டர் அமலோற்பவம்.
நோயாளி: பொறியாளர் இசக்கிராஜ், வயது 51. வலது தைராய்டுக் கட்டி அகற்றப்பட்டது. அறுவைக்கு எடுத்த நேரம் இரண்டு மணி பத்து நிமிடம். இரத்த இழப்பு சொற்பம். விழித்தபின் குரலில் கரகரப்பு. காரணம்: மூச்சுக் குழாய் செருகியதால் வந்த வீக்கம். இரண்டு வாரத்தில் சரியாகும்.

நாள் 201, 10:05
மேலே இருப்பது பூமிக்குப் போன அறிக்கை. இனி எழுதுவது போகாது. இந்த வியாழன் நிலவில் இதை யார் கண்டெடுக்கிறீர்களோ, உங்களுக்குத்தான்.
வீக்கம் இல்லை. இன்று காலை அவர் தொண்டைக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தேன். இடது குரல்நாண் திறந்து மூடுகிறது. வலது குரல்நாண் செத்த பல்லியின் வால் மாதிரிக் கிடக்கிறது. நரம்பை அறுத்தது நான்.
விளக்கமாகச் சொல்கிறேன். நாக்குக்கும் தொண்டைக்கும் போகும் நரம்புகள் மூளையிலிருந்து இறங்கிப் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும். குரல்நாணை அசைக்கிற நரம்பு மட்டும் கழுத்தைத் தாண்டிக் கீழே போய், ஒரு பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறும். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிற கதைதான். தைராய்டின் முதுகை ஒட்டி, சேமியா கனத்தில் வெள்ளையாக ஏறி வரும். வெட்டும் முன் அந்த இடத்தை மின்கம்பியால் தொட வேண்டும். நரம்பாக இருந்தால் குரல்நாண் துடிக்கும், கருவி சத்தம் போடும். சத்தம் இல்லாவிட்டால் நரம்பு இல்லை, வெட்டலாம்.
அறுவைக்கு நடுவே இசக்கிராஜ் அண்ணாச்சி இருமினார். கழுத்து குலுங்கியது. அசையாமல் கிடக்கட்டும் என்று தசைத் தளர்வு மருந்தை இன்னொரு தடவை ஏற்றினேன். நான்கு நிமிடம் கழித்து வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தது. தொட்டேன். கருவி பேசவில்லை. வெட்டினேன்.
தசைக்கு மருந்து கொடுத்துவிட்டால் எந்த நரம்பைத் தொட்டாலும் எதுவும் துடிக்காது. முதல் வருட மாணவிக்கும் தெரியும். பதினெட்டு வருடம் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த ஒரு நிமிடம் தெரியவில்லை.

நாள் 216, 11:30
இரண்டு வாரம் தாண்டிவிட்டது. அண்ணாச்சிக்குத் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. பேசினால் பாதி காற்று. எனக்கு அவர் அனுப்பிய குரல் செய்தியை அப்படியே எழுதுகிறேன்:
"டாக்டரம்மா, சத்தம் இன்னும் ஏற மாட்டேங்கு. ஜுனைதா என்னைப் பஞ்சர் டயர்னு கேலி பண்ணுதா. இருக்கட்டும், மெதுவா வரட்டும். நீங்க கை வச்சா சரியாயிரும், எனக்குத் தெரியும்."
கேட்டுவிட்டுச் சோற்றைத் தள்ளி வைத்தேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நாள் 224, 09:15
பணித் தகுதிச் சோதனை. ஜுனைதா நிலவியலாளர், பனி ஓட்டில் துளையிட வெளியே போவாள். அவள் இடுப்புக் கம்பி உள்ளே இருக்கும் வின்ச்சில் சுற்றியிருக்கும். அதை இயக்குபவர் அண்ணாச்சி. இரண்டு கையும் லீவரில் இருப்பதால் அவருடைய மைக்குக்குப் பொத்தான் கிடையாது. குரல் பட்டால் தானாகத் திறக்கும், பச்சை விளக்கு எரியும். கம்ப்ரசர் இரைச்சலுக்குத் திறந்துவிடாதபடி நல்ல கனமான குரலுக்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.
பத்து தடவை பேசச் சொன்னேன். எட்டு தடவை விளக்கு எரிந்தது. உதட்டை மைக்கில் ஒட்டிவைத்துக்கொண்டு, முகம் சிவக்கப் பேசினார். கத்திப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாண் செத்தவரால் பேச முடியும், கத்த முடியாது. கத்தினால் வெறும் காற்று.
தகுதி இல்லை என்று எழுதினால் ஏன் என்று எழுத வேண்டும். "குரல்: போதுமானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாள் 241, 15:50
ஜுனைதா இறந்துவிட்டாள்.

நாள் 241, 18:10
வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.
15:02. ஜுனைதா சரிவில் துளையிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பனி ஓடு பிளப்பது திரையில் அண்ணாச்சிக்குத் தெரிந்தது. கம்பி தளர்வாகக் கிடந்தது, சுற்றி இழுக்க நேரமில்லை. அவள் இந்தப் பக்கம் நான்கு எட்டு வைத்திருந்தால் போதும்.
15:03. அவளிடமிருந்து கடைசியாக வந்தது:
"அண்ணாச்சி, லைன்ல இருக்கீங்களா? என்ன சத்தத்தையே காணோம்? தூங்கிட்டீங்களாக்கும்."
சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு ஓடு இறங்கியது. கம்பி அறுந்தது.
மைக் பதிவில் அண்ணாச்சி பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை என்று இயந்திரம் சொல்கிறது.
நான் அடுத்த அறையில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டயரில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம். திரும்பத் திரும்ப வந்தது. தொண்டையைச் செருமுகிறார் என்று நினைத்து ஊசி மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கத்திக்கொண்டிருந்தார்.

நாள் 243, 08:30
பூமியிலிருந்து விசாரணைக் குழுவின் கேள்வி வந்தது. "எச்சரிக்கை கொடுக்கப்படாதது ஏன்?" அண்ணாச்சி எழுதிய பதில்: "தெரியவில்லை. கத்தினேன் என்று நினைத்தேன். பதிவில் இல்லை. பயத்தில் வாயடைத்துப் போயிருப்பேன்."
நான் வாயே திறக்கவில்லை. எனக்கு இரண்டு குரல்நாணும் நன்றாக இருக்கின்றன.

நாள் 262, 09:00
கழுத்தின் இடது பக்கமும் கட்டி. வேகமாக வளர்கிறது. அண்ணாச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை. வின்ச் அறைக்குப் போய் லீவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

நாள் 267, 07:40
இன்று காலை அவர் குரல் திரும்பிவிட்டது.
முழுக் குரல். கரகரப்பு இல்லை. சந்தோஷமாக என் கதவைத் தட்டி வணக்கம் சொன்னார். இது குணம் இல்லை. கட்டி இடது நரம்பையும் நெரித்துவிட்டது. இரண்டு நாணும் அசைவில்லாமல் நடுவில் வந்து ஒட்டி நிற்கின்றன. அதனால்தான் குரல் நன்றாக இருக்கிறது. இடையில் மூச்சுக்கு வழி ஒரு நூல் அளவு. படியேறினால் விசில் அடிக்கிறது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அவருக்குக் குரலே இருக்காது.
குழாய் வைக்க வேண்டும், குரல் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கேட்டார். குரல் இருக்கும்போதே ஒரு செய்தி பேச வேண்டுமாம்.

நாள் 267, 09:10
ஜுனைதாவின் தாயாருக்கு அவர் வின்ச் அறை மைக்கில் பேசிப் பதிந்தது. அனுப்பும் வரிசையில் நிற்கிறது:
"உம்மா, நான் இசக்கிராஜ் பேசுதேன். ஜுனைதாகூட வேலை பாத்தவன். பிள்ளை என்னை நம்பித்தான் வெளிய போச்சு. கூப்பிட வேண்டிய நேரத்துல என் வாயி அடைச்சுப் போச்சும்மா. நான் கோழை. இப்பம் பாருங்க, சத்தம் நல்லாத்தான் வருது. அன்னைக்கு வரல. பிள்ளையைக் கொன்னது நாந்தான். மன்னிச்சிருங்கன்னு கேக்க மாட்டேன்."
விளக்கு முழு நேரமும் பச்சையாக எரிந்தது.
அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் மூச்சு விசிலடித்தது, நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாள் 267, 11:45
குழாய் வைத்தாயிற்று. மூச்சு சீர். அவர் செய்தி பூமிக்குப் போக இன்னும் இரண்டு மணி நேரம்.

நாள் 267, 13:20
அவர் விழித்ததும் வின்ச் அறை மைக்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். அவர் பார்க்க உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்துக்கு விளக்கு எரியவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. முணுமுணுத்திருக்கிறேன். எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன். மருந்து, நரம்பு, கையெழுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தம், எல்லாம். அவர் செய்தியை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, நான் பேசிய இந்தப் பதிவை வைத்தேன்.
அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

நாள் 267, 15:00
குழாயில் சளி சேர்கிறது. கருவியால் உறிஞ்சி எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

15:25
மறுபடி போனேன். தட்டிவிட்டார். குழாய் களகளக்கிறது. இந்த நிலவில் இதைச் செய்யத் தெரிந்த கை என் கை ஒன்றுதான். அது வேண்டாம் என்கிறார். நியாயம்தானே.

15:40
உதடு நீலம். கெஞ்சவில்லை, கேட்கவும் இல்லை, பக்கத்தில் போய் நின்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். உறிஞ்சினேன். நிறம் திரும்பியது.

15:55
எழுதும் பலகையைக் கேட்டார். கொடுத்தேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.
எழுதியது இது: "அப்பம் நான் கத்துனது நெசந்தானா?"
ஆமாம் அண்ணாச்சி, கத்தினீர்கள், நான் கேட்டேன் என்றேன்.
காதைத் தொட்டுக் காட்டினார். மறுபடி சொன்னேன்.
மறுபடி காட்டினார்.

18:30
தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடிக்க வந்தேன். கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிடுகிறார். இன்னும் ஒரு தடவை சொல்ல வேண்டுமாம்.