சிவப்பு முடிச்சு ஐந்து முழத்தில் இருக்கிறது

என் அருமை மச்சான் தங்கராசுக்கு,

உன் தக்கை பன்னிரண்டு குட்டி போட்டது. பதினொன்றைப் பிடித்துவிட்டோம். ஒன்று இன்னும் கிள்ளான் பக்கம் எங்கேயோ தண்ணீரில் நிமிர்ந்து நிற்கிறது. அல்லது படுத்துக் கிடக்கிறது. படுத்துக் கிடக்கிறதோ என்றுதான் பயமாக இருக்கிறது.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். பொய் எழுதுவதாக இருந்தால் அன்றைக்கே பத்துப் பக்கம் எழுதியிருப்பேன், அதில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். உண்மை எழுத வேண்டியிருந்ததால்தான் இவ்வளவு தாமதம். இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போகிறது, மச்சான். ஊரே படிக்கப் போகிறது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே விளக்கிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எல்லாப் பையன்களும் பிராந்தி போத்தல் தக்கையைத்தான் தூண்டிலில் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். நாமும்தான். காற்றடித்தால் ஆடும், தவளை குதித்தால் ஆடும், மீன் கடித்தால் மட்டும் யோசிக்கும். "குடிகாரன் போத்தல்ல இருந்து வந்தது, தள்ளாடாம என்ன பண்ணும்?" என்று நான் சொன்னேன். நீ சிரித்துவிட்டு, "அப்ப குடிக்காத தக்கை ஒன்னு செய்யலாம்டா" என்றாய். அப்படித்தான் தொடங்கியது.

பூலாய் மரத்துண்டு, கையில் வைத்தால் கனமே தெரியாதது. அதை விரல் பருமனுக்கு இழைத்து இரண்டு முனையும் கூராக்கினோம். குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நடுவே துளை போட்டோம். முதல் நான்கும் வெடித்துப் போயின. ஐந்தாவது நின்றது. நூல் அந்தத் துளைக்குள் வழுக்கி ஓடும். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நூலில் ஒரு முடிச்சு. முடிச்சு துளைக்குள் நுழைந்துவிடாமல் இருக்க, உன் அம்மாவின் அறுந்த மாலையிலிருந்து ஒரு கருப்பு மணியைத் திருடிக் கோத்தவன் நான். தலைக்குச் சிவப்புச் சாயம் பூசியவன் நீ.

மற்றவர்களின் தக்கை மீனை மட்டும் காட்டியது. நம்முடையது ஆழத்தையும் காட்டியது. சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டோம், கீழே தொங்கும் ஈயக்குண்டிலிருந்து சரியாக மூன்று முழத்தில். ஈயம் தரையைத் தொடாமல் தொங்கினால் தக்கை நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் மூன்று முழத்துக்கு மேல் என்று அர்த்தம். ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டால் தக்கையைப் பிடித்து இழுக்க ஆளில்லை, படுத்துவிடும். தண்ணீர் நம் மார்பளவுதான், தூண்டில் முள் எதிலாவது சிக்கினால் இறங்கி எடுக்கலாம். உனக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் அதற்கு ஒரு சட்டமே போட்டாய்: "நின்னா நில்லு, படுத்தா இறங்கு."

அந்தச் சட்டத்தை இப்போது குவாட்டர்ஸ் முழுக்கப் பாடுகிறார்கள். பல் விளக்கும்போதுகூட.

இனி உனக்குத் தெரியாத பகுதி. தெரியாமலே போனாய் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

அந்தச் சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில், உங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, நூல் சுற்றிய கட்டையைப் பிரித்து, சிவப்பு முடிச்சை ஐந்து முழத்துக்கு ஏற்றி வைத்தேன். ஏன் என்று கேட்காதே. கேள், பரவாயில்லை. முடிச்சு மேலே போனால் புழு தரைச் சேற்றில் படுத்துத் தூங்கும், மீன்கள் அதன் தலைக்கு மேலே நீந்திப் போகும், நீ நாள் முழுக்க ஒரு விராலும் இல்லாமல் உட்கார்ந்திருப்பாய், நான் பக்கத்தில் இருந்து உன்னைக் கலாய்ப்பேன். அவ்வளவுதான். ஆழம் பார்க்கிறதும் அதே முடிச்சுதான் என்பது, சத்தியமாக, ஒரு கணமும் என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் நான் உன்னோடு வந்திருந்தால், நீ முதல் தடவை வீசும்போதே சிரித்துக் காட்டிக் கொடுத்திருப்பேன். என்னால் சிரிப்பை எத்தனை நேரம் அடக்க முடியும்? ஆனால் பக்கத்து வீட்டுச் சேவலுக்கு நான் சிவப்புச் சாயம் பூசியது அன்று காலைதான் தெரியவந்தது. அம்மா என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். நீ ஜன்னலில் வந்து, "சேவலோட படுத்துக்கடா, நான் உன் பங்கு மீனையும் சேத்துப் பிடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தாய். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேடிக்கை கெட்டுவிடுமே என்று சொல்லவில்லை.

பூச்சோங் பக்கத்து ஈயக்குட்டைகளை உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஈயம் தோண்டி முடித்து விட்டுவிட்டுப் போன பள்ளங்கள். கரையில் வெள்ளை மணல், இரண்டு எட்டு வைத்தால் பச்சை, அதற்கப்புறம் கறுப்பு. அங்கே கங்கோங் கீரை போடும் சீனர்தான் கடைசியாக உன்னைப் பார்த்தவர். உன் முள் ஏதோ கட்டையில் சிக்கியதாம். தக்கை தண்ணீரில் நீட்டிப் படுத்திருந்ததாம். அவர் அங்கிருந்து கையை ஆட்டி வேண்டாம் என்று காட்டினாராம். நீ தக்கையைச் சுட்டிக் காட்டி, "போலே, போலே", முடியும் முடியும் என்று மலாயில் சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கினாயாம்.

தக்கையைச் சுட்டிக் காட்டினாய், மச்சான். அதை அவர் உன் அப்பாவிடம் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் காது இரண்டும் சூடாகிப் போயின.

கருமாதி அன்று உனக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தார்கள். படம் ஒன்றும் இல்லையே, அதனால் விளக்குக்கு முன்னால், உன்னோடு கரைக்கு வந்த உன் தூண்டில் கட்டையை வைத்தார்கள், நூலோடு, தக்கையோடு, சிவப்பு முடிச்சோடு. எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அதை எடுத்து இரண்டு முழம் இறக்கி வைத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். படைத்த பொருளில் கை வைக்கிறாயா என்று யாராவது கேட்பார்களோ என்று தயங்கினேன். அது பொய். பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் அப்பா தக்கை செய்ய ஆரம்பித்தார். செந்தூல் பட்டறையில் கடைசல் வேலை செய்கிற கை, சும்மா இருக்குமா? வீட்டில் உட்கார்ந்து பன்னிரண்டு தக்கை இழைத்தார். ஒவ்வொன்றும் அத்தனை அழகு, நீயும் நானும் செய்தது அதற்குப் பக்கத்தில் வெண்டைக்காய். நூலும் ஈயமும் மணியும் சேர்த்துக் கட்டி, "என் புள்ள பேர்ல வெச்சுக்கங்கடா" என்று குவாட்டர்ஸ் பையன்களுக்குக் கொடுத்தார். சிவப்பு முடிச்சை எங்கே போட்டார் தெரியுமா? முழம் போட்டு அளக்கவில்லை. படையலில் வைத்த உன் நூலை எடுத்துத் தரையில் நீட்டி, புது நூலை அதன் பக்கத்தில் நீட்டி, உன் முடிச்சு இருந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். ஒரு விரல் தள்ளவில்லை. அவருடைய பிள்ளை வைத்த அளவாயிற்றே.

என் விளையாட்டை அவர் பன்னிரண்டு தடவை எழுதினார், மச்சான். பக்தியோடு.

பையன்கள் எல்லாரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை அதே பூச்சோங் குட்டைக்குக் கிளம்ப நாள் குறித்துவிட்டார்கள். நான் முதலில் எனக்குத் தெரிந்த வழியில்தான் தடுத்துப் பார்த்தேன். அவர்களில் சின்னப்பனைப் பிடித்து, "டேய், அந்தத் தக்கையை நம்பாதீங்கடா. செத்தவன் தக்கை, ஆள இழுக்கும்" என்றேன்.

"ஆமாலா, போன மாசம் தண்ணித் தொட்டியில முதலைன்னு சொன்ன. அதுக்கு முந்தி சிக்னல் கம்பத்துல பேய்னு சொன்ன. இப்ப தக்கையிலயா?"

"விளையாட்டு இல்லடா சின்னப்பா."

"அப்பிடித்தான் எப்பவும் ஆரம்பிப்ப," என்று சொல்லிவிட்டு, தக்கையை என் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினான். "நின்னா நில்லு, படுத்தா இறங்கு!" சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். எத்தனையோ பேரை ஏமாற்றிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா பின்கட்டில், நான் உட்கார்ந்த அதே இடத்தில், தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, சிவப்பு முடிச்சு எத்தனை முழம்?"

"மூணு. ஏண்டா, உனக்குத் தெரியாததா?"

"அளந்தீங்களா?"

"தங்கராசு அளந்து வெச்சத நான் எதுக்கு அளக்கணும்?"

"ஒரு தடவை அளங்க மாமா."

"என்னடா, புதுசா ஏதாச்சும் வேல வெச்சிருக்கியா?" என்று சிரித்துக்கொண்டேதான் உன் நூலை எடுத்தார். ஈயத்தில் விரலை வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. முடிச்சு இல்லை. நூலை உதறிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று, நான்கு, ஐந்து. தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார், அது குட்டையாகிவிட்டதோ என்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார்.

சொன்னேன். எல்லாவற்றையும். அடிப்பார் என்று நினைத்து ஓடாமல் நின்றேன். அடிக்கவில்லை.

"எப்ப மாத்துன?"

"அவன் போறதுக்கு முந்தின நாள், விளக்கு வெக்கிறப்ப."

"நான் வீட்டுலதான் இருந்தேன். இங்க தனியா உக்காந்து சிரிச்சிக்கிட்டு இருந்த. என்னடா சிரிப்புன்னு கேட்டேன்."

"ஆமா மாமா. ஒன்னும் இல்லன்னு சொன்னேன்."

நூலைக் கட்டையில் சுற்றி வைத்தார். "இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்" என்றார். அதைவிட அடித்திருக்கலாம்.

சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். நான் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு "அளவு தப்பு" என்று மட்டும் சொன்னார். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. இருட்டுவதற்குள் பதினொன்று கூடையில் விழுந்தது.

"மாமா, இன்னொன்னு?"

அவர் அப்படியே ரோட்டில் நின்றுவிட்டார். அதற்கு முந்தின வாரம் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கக் கிள்ளானுக்கு ரயிலில் போயிருக்கிறார். எதிரே ஒரு தமிழர், கையில் தூண்டில், மடியில் ஏழெட்டு வயதுப் பையன். பேச்சு வளர்ந்திருக்கிறது. பையிலிருந்த தக்கையை எடுத்துக் கொடுத்து, உன் சட்டத்தையும் பையனுக்குப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"அவர் பேரு கேட்டீங்களா?"

"இல்ல. அந்தப் புள்ள பேருதான் கேட்டேன். தங்கராசுன்னான். அதனாலதான் குடுத்தேன்."

அதிலிருந்து ஞாயிறுதோறும் நானும் மாமாவும் கிள்ளானுக்குப் போகிறோம். ரயிலில் எதிரெதிரே உட்காருவோம். அவர் பேசமாட்டார். தேத்தண்ணி வாங்கினால் எனக்கும் ஒன்று வாங்குவார், அவ்வளவுதான். பாசாரில் கேட்டோம், படகுத்துறையில் கேட்டோம், கோயில் வாசலில் கேட்டோம். போன வாரம் ஆற்றோரம் ஒரு வளைவில், தண்ணீரில் சிவப்பாக ஏதோ படுத்துக் கிடந்தது. கரையில் யாரும் இல்லை. ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் இருந்தது, சின்னது. மாமா செருப்பைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் கொம்பு தேடி எடுத்து அந்தச் சிவப்பை இழுத்தேன். செம்பருத்தி. செருப்புக்காரப் பயல் புதருக்குள்ளிருந்து கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து எங்களை முறைத்தான். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

திரும்பும்போது ரயிலில் மாமா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பேப்பர்ல எழுது. உன் பேரைப் போட்டு எழுது."

ஆகவே எழுதுகிறேன். கிள்ளான் ரயிலில் சிவப்புத் தலை வைத்த தக்கை வாங்கிக்கொண்ட ஐயா, இதை நீங்கள் படித்தாலும், யாராவது படிக்கக் கேட்டாலும், அந்தச் சிவப்பு முடிச்சு மூன்று முழத்தில் இல்லை, ஐந்தில் இருக்கிறது. தக்கை படுத்தாலும் இறங்காதீர்கள். பையனை இறக்காதீர்கள். மாற்றி வைத்தவன் நான். பெயர் கீழே இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி, மச்சான். உன் அம்மாவுக்கு இது தெரியாது. மாமா, "அத நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பத்திரிகை வந்தால் பக்கத்து வீட்டில் உரக்கப் படிப்பார்கள், சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். நேற்று எனக்குச் சோறு போட்டுவிட்டு, "ஏதாச்சும் சொல்லுடா கோபாலு, நீ வந்தாத்தான் இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேக்குது" என்றாள். நான் சேவல் கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சேவலால்தான் நான் அன்றைக்கு உன்னோடு வரவில்லை என்பதை அவள் மறந்துபோயிருந்தாள்.

நாளைக் காலையில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்னால் அவள் எதிரில் உட்கார்ந்து முழுக்கப் படித்துக் காட்டுவேன். நடுவில் எழுந்து போக மாட்டேன், வேடிக்கையாக ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன். அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் யார் சிரிக்க வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? ஆனால் படித்துக் காட்டுவேன், மச்சான். இது சத்தியம்.

உன் அத்தை மகன்,
கோபாலு
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்