‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்று சொன்ன பக்கம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஹெப்பாள் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. துப்பட்டா ஒரு பக்கம் முழுக்க நனைந்தது.

வேலை: ஏற்கெனவே வெளியில் இருக்கும் எங்கள் கருவியின் உதவிப் பக்கங்களை, அடுத்த ரிலீஸுக்கு முன் சரிபார்ப்பது. எங்கள் கருவி ஒரு புரோகிராமைப் படித்து, அதில் எந்தப் பகுதியை எது கூப்பிடுகிறது என்று ஏஐ ஏஜென்டுகளுக்குச் சொல்லும். அதை வைத்து அவை தாமாகவே புரோகிராமைத் திருத்தும்.

மேனேஜர் கிரீஷ் சார் (கி.), வழக்கம்போல் பாதி கன்னடத்தில்: “மனுஷங்க யார் மேடம் இதைப் படிக்கறாங்க? ஏஜென்ட்தான் படிக்குது. ஸ்வல்ப சுருக்கமா இருந்தா சாகு, போதும்.”

பக்கங்களை எழுதியதும் ஒரு ஏஐதான். படித்துப் பார்க்கும் மனுஷி நான் ஒருத்தி.

ஒரு வரி உறுத்துகிறது: ‘பதில் காலியாக வந்தால் அந்தப் பகுதியை யாரும் பயன்படுத்தவில்லை. நீக்கலாம்.’

கருவிக்குக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டாலும் காலிதானே வரும்?

வாங்க வேண்டியது: பால், கொத்தமல்லி, சிவாவுக்குக் கம்பளி சாக்ஸ் (பிளான்ட் குளிரில் கால் விறைக்கிறதாம் அவருக்கு).

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிச் சோதித்தேன். உள்ளே மணி அடிக்கும் பகுதி ஒன்று. அதன் பெயர் செட்டிங்ஸ் ஃபைலில் மட்டும் இருக்கும். ஓடும்போது அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கூப்பிடும். கருவி செட்டிங்ஸ் ஃபைலைத் திறப்பதே இல்லை. பதில், காலி.

ஏஜென்ட் எங்கள் பக்கத்தைப் படித்தது. மணியை நீக்கியது. மணியைச் சோதிக்கும் டெஸ்டையும் சேர்த்தே நீக்கியது. பிறகு சந்தோஷமாக ஒரு அறிக்கை: ‘பயன்படாத பகுதிகள் நீக்கப்பட்டன. எல்லா டெஸ்டும் பாஸ்.’

இரண்டு முறை செய்து பார்த்தேன். இரண்டு முறையும் அதே சந்தோஷம்.

கி.யிடம் காட்டினேன். ஸ்க்ரீனைப் பார்க்காமலே, “ரிலீஸ் முடியட்டும், ஆமேலெ நோடோண, அப்புறம் பாக்கலாம். சும்னே டென்ஷன் ஆகறீங்க.”

சும்மா டென்ஷன். இருக்கலாம்.

ஜூலை 9, புதன்

கஸ்டமர் ஒருவரிடமிருந்து பாராட்டு மெயில். கி. எல்லோருக்கும் அனுப்பினார், கைதட்டும் பொம்மையோடு. குளிர்பதனக் கிடங்குகளுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்கிற கம்பெனி. ‘எங்கள் பழைய புரோகிராமில் பயன்படாததை எல்லாம் உங்கள் கருவியை வைத்து ஏஜென்ட் துடைத்துவிட்டது. நன்றி.’ கீழே நம்ரதா என்று பெயர், போன் நம்பர்.

கம்பெனியின் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி. வீட்டுக்கு வந்து சப்பாத்தி தேய்க்கும்போதுதான் உறைத்தது.

“ஏங்க, உங்க ஐஸ்கிரீம் பிளான்ட்ல அந்த பேனல் யாரோடது?”

சிவா சொன்னார். அதே பெயர்.

“போன வாரந்தான் வந்து புதுசா என்னமோ ஏத்திட்டுப் போனாங்க. ஏன் புள்ள?”

“குளிர வைக்கிற அந்த அமோனியா லீக் ஆனா சைரன் அடிக்குமில்ல?”

“அடிக்காம? அதுக்குத்தான வெச்சிருக்குது.”

“கடைசியா எப்ப அடிச்சுது?”

“லீக் ஆனாத்தான அடிக்கும்!” சிரிக்கிறார். அதே பேச்சில் ஊறுகாய் கேட்கிறார்.

நாளைக்கு லீவு போடச் சொன்னேன். ஆர்டர் நிறைய, சூப்பர்வைசர் விடமாட்டார் என்றார். எதற்கு என்று கேட்டார். என்ன சொல்வது? ஒரு வரியைப் படித்துப் பயமாக இருக்கிறது என்றா?

ஜூலை 10, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

சிவா நஞ்சன்கூடு பஸ் ஏறிப் போனபின் நம்ரதாவைக் கூப்பிட்டேன். ஆபீசில் இருந்து அல்ல, பஸ் ஸ்டாப்பில் நின்று. எங்கள் டீம் ஆட்கள் கஸ்டமரிடம் பேசக்கூடாது. வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அவள் குரலில் அவசரம். “டெஸ்ட் எல்லா பாஸ் ஆகிதெ மேடம்.”

“சைரனுக்கு டெஸ்ட் இருக்கான்னு மட்டும் பாருங்க. ப்ளீஸ்.”

வைத்துவிட்டாள். கம்பெனி பஸ் வந்தது, நான் ஏறவில்லை. போனையே பார்த்தபடி நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. “சைரன் இல்ல மேடம். டெஸ்டும் இல்ல. நான் பிளான்டுக்கே போன் பண்றேன்.”

சிவாவுக்குப் போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. உள்ளே போகிறவர்கள் போனை கேட்டிலேயே வைத்துவிடுவார்கள், தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஆட்டோ, பிறகு நஞ்சன்கூடு பஸ். பக்கத்து சீட்டில் யாரோ மாப்பிள்ளை பார்ப்பது பற்றி ஓயாமல் பேச்சு. எனக்கு அந்தக் குளிர் அறையின் கனமான கதவு மட்டுமே கண்ணில். அமோனியா கண்ணைத்தான் முதலில் பிடிக்கும் என்று சிவாவே ஒருமுறை சொன்னது.

கேட்டில் கூட்டம். உயிரே போய்விட்டது. கிட்டே போனால் எல்லோரும் வேலிக்குப் பக்கத்தில் நின்று டீ குடிக்கிறார்கள். சிவா கம்பளிக் கோட்டோடு, வெயிலில்.

“நீ எங்க இங்க வந்த?”

அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

லீக் எதுவும் இல்லை. போன் வந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, சூப்பர்வைசர் சென்சாருக்கு நேரே துளி அமோனியா காட்டிப் பார்த்தாராம். சிவா சொன்னார்: “வெளிக்கதவுகிட்டதான் நின்னேன் புள்ள. பேனல் முழுக்க செவந்து போச்சு. சத்தம் மட்டும் வல்ல. நாங்க பூராப் பேரும் காதத் தீட்டிட்டு நிக்கறோம்... ஒண்ணுமே வல்ல.”

வீடு வரும்வரை அவர் அந்தக் கம்பளிக் கோட்டைக் கழற்றவே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

நம்ரதா கம்பெனி பழைய புரோகிராமையே திரும்ப ஏற்றிவிட்டது. சிவா வேலைக்குப் போயிருக்கிறார். தடுக்கவில்லை.

ஆபீஸ். கி. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. முகம் வெளுத்திருந்தது. கஸ்டமரிடம் பேசியதற்கு ஹெச்.ஆர். திங்களன்று விசாரிப்பார்களாம். ரிலீஸை கி.யே நிறுத்திவிட்டார்.

பக்கத்தை மாற்றினேன்: ‘பதில் காலியாக வந்தால், கருவிக்குத் தெரியவில்லை என்றும் பொருளாக இருக்கலாம். மனிதரிடம் கேட்காமல் நீக்காதே.’ கி. பின்னால் நின்று படித்தார். “பழசை எத்தனை பேர் படிச்சிருப்பாங்க?”

“கணக்கு இல்ல சார். நெட்ல எல்லாருக்கும் திறந்திருக்கற பக்கம். எந்த ஏஜென்டும் படிக்கலாம்.”

“சைரன் மாதிரி இன்னும் எத்தனை...” பழைய வரியைத் திரும்பவும் படித்தார்.

மாலை. பக்கம் மாறியதைப் பார்த்து மெயில்கள் வர ஆரம்பித்துவிட்டன. இப்போது வந்தது எந்த ஊர் என்று தெரியவில்லை, ஒரு ஆஸ்பத்திரி பெயர் இருக்கிறது. ‘எங்கள் ஏஜென்ட் போன மாதமே நீக்கிவிட்டது. எதை நீக்கியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?’

கி.யைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்தார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்களே பதில் எழுதுங்க மேடம்,” என்றார். “என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியல.”